ராகுகாலத்தில் ஒரு ரத்து

கல்யாணத்துக்குப் போகிறவன் மடியில் லேப்டாப் எதற்கு என்றுதானே பார்க்கிறீர்கள்? கேட்டுவிடுங்கள். உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து பையைப் பார்ப்பதும் பட்டு வேட்டியைப் பார்ப்பதுமாக வருகிறீர்கள். எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது.

இது ஒரு முன்னெச்சரிக்கை. நிச்சயதார்த்தத்தின்போது இது என் கையில் இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கல்யாணமே இல்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். பொள்ளாச்சி வர நேரம் இருக்கிறது, முழுதாகவே சொல்கிறேன்.

என் பெயர் சென்னியப்பன். கோயமுத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் லீட். அதாவது, மற்றவர்கள் எழுதுகிற புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற கோஷ்டிக்குத் தலைவன். என் மனைவிகூடச் சொல்வாள், “உங்களுக்கு அடுத்தவங்க தப்பு மட்டும் எப்படித்தான் கண்ணுல படுதோ” என்று. அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

இன்று கல்யாணம் சிவரஞ்சனிக்கு. என் டீமில் இருந்த பெண். நல்ல பெண். கொஞ்சம் பிடிவாதம். சொன்ன பேச்சைக் கேட்பாள், ஆனால் கேட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மாட்டாள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கல்யாண மண்டபம் புக் பண்ணுகிற வெப்சைட். நாச்சிமுத்து ஐயா என்று ஒருவர், மண்டபங்கள் வைத்திருக்கிறார், அவருக்காக. வேலை முடிந்தது. ஐயா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் இருக்கிற அவருடைய மாப்பிள்ளை போனில் ஒரு குண்டைப் போட்டார். “மாமா, கோட் கவரேஜ் எவ்வளவுன்னு கேளுங்க. எண்பது சதவீதம் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க.”

கவரேஜ் என்றால் என்ன என்று ஐயாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எளிமையாகச் சொல்கிறேன். எங்களிடம் பிரவுசரைத் தானாக ஓட்டுகிற டெஸ்டுகள் இருக்கின்றன. ஆள் வேண்டாம். பட்டன் தானே அமுங்கும். பெயர் தானே டைப் ஆகும். மண்டபம் தானே புக் ஆகும். நிஜ மண்டபம் இல்லை, பயப்படாதீர்கள், சோதனைக்கென்று நாங்களே வைத்திருக்கிற பொய் மண்டபம். இப்போது கவரேஜ் டூல் என்ன செய்யும் என்றால், புரோகிராமின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துவிடும். டெஸ்ட் ஓடும்போது அந்த வரி வேலை செய்தால் அவன் தன் சிலேட்டில் ஒரு கோடு போடுவான். கடைசியில் டூல் எல்லாச் சிலேட்டையும் வாங்கிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை வரி ஓடியது என்று சொல்லும். ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

ஓட்டினோம். டெஸ்டுகள் அத்தனையும் பாஸ். கவரேஜ் சைபர்.

நாச்சிமுத்து ஐயா போன் செய்தார். “ஏனுங்க தம்பி, எங்க பையன் பத்தாவதுல எல்லாப் பாடத்துலயும் கோட்டை விட்டானுங்க. அவன்கூட முப்பது முப்பத்திரண்டாவது வாங்குனான். நீங்க இத்தனை பேரு சேர்ந்து சைபர் வாங்கியிருக்கீங்களே?”

“ஐயா, எல்லா டெஸ்டும் பாஸுங்க.”

“பாஸுன்னா மார்க்கு எங்கீங்க?”

சனிக்கிழமை அவர் குடும்பத்தோடு காசிக்குக் கிளம்புகிறாராம். வெள்ளிக்குள் எண்பது காட்டினால் கையெழுத்து, இல்லாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிதான் ரஞ்சனிக்கு நிச்சயதார்த்தம்.

அது ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. என்னால் என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. வேலை இருந்தது, அந்தப் பெண்ணால் போக முடியவில்லை. நான் லீவு தரவில்லை, அவ்வளவுதான். ரஞ்சனியின் மாப்பிள்ளை தரணிதரனுடைய அம்மா, ருக்குமணி என்று ஒருவர். அவர் அப்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: இன்னொரு தடவை தேதி மாறினால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று.

ரஞ்சனி என் மேஜைக்கு வந்து நின்றாள். “சார், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்.”

“எண்பது வந்தால் லீவு” என்றேன். ஊக்கப்படுத்துவதற்காகத்தான் சொன்னேன்.

உங்கள் கையிலிருக்கிற கடலைப் பொட்டலம் முடிந்ததா? இன்னும் இருக்கிறதா? பரவாயில்லை, கொடுங்கள், கீழே சிந்திவிடும். எனக்குச் சுத்தம் முக்கியம். வீட்டிலும் சாப்பிட்டு முடிப்பதற்குள் இலையை எடுத்துவிடுவேன்.

டெஸ்டிலும் அப்படித்தான். நான் போட்ட விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு டெஸ்டும் கடைசி வரியில் லாக்அவுட் செய்து பக்கத்தை மூடிவிட வேண்டும். வீட்டைப் பூட்டாமல் வெளியே போவோமா? அதே மாதிரி.

ரஞ்சனி அன்றைக்கே சொன்னாள். “சார், சைபருக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு. அந்தக் கணக்கெல்லாம் பிரவுசர்ல திறந்திருக்கிற பக்கத்துக்குள்ளதான் இருக்கு. நாம லாக்அவுட் பண்ணிப் பக்கத்தை மூடினதும் கணக்கும் சேர்ந்து அழிஞ்சு போகுது. அதுக்கப்புறம்தான் டூல் வந்து கேக்குது. அங்க கணக்குப்பிள்ளையும் இல்ல, சிலேட்டும் இல்ல.”

“அதனால?”

“அந்தக் கடைசி வரி...”

“அது என் வரி” என்றேன்.

“தெரியும் சார்” என்றாள்.

பக்கத்து சீட்டில் எங்கள் டீம் பையன் பெனடிக்ட் இருமினான். அவனுக்கு அடிக்கடி அப்படி இருமல் வரும், நான் பேசும்போதெல்லாம். தூசி.

காரணத்தை நான் கண்டுபிடித்தேன். எங்கள் டெஸ்டுகள் ஓடும்போது பிரவுசர் திரையில் தெரியாது, பின்னாலேயே ஓடும். அதற்கு ஹெட்லெஸ் என்று பெயர். தலையில்லாதது. தலையே இல்லாதவனுக்குக் கணக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கள் பார்ப்போம். “இனிமே எல்லா டெஸ்டும் திரையில் தெரிகிற மாதிரி ஓடணும்” என்று உத்தரவு போட்டேன். அன்று சாயங்காலம் ஆபீஸே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பட்டன் தானே அமுங்குகிறது, முகூர்த்தத் தேதி தானே பதிவாகிறது. கேன்டீன்காரர் டீத்தட்டோடு வந்தவர் போகவேயில்லை. “பேய் பண்ற மாதிரியே இருக்குங்க” என்றார்.

ரஞ்சனி அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஏதோ நாலு வரி தட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. மறுபடி ஓட்டினோம். எழுபத்து நான்கு!

“பார்த்தாயா, தலை வந்ததும் கணக்கு வந்துவிட்டது” என்றேன்.

பெனடிக்ட் சொன்னான், “சார், ரஞ்சனி ஒவ்வொரு டெஸ்ட்லயும் லாக்அவுட்டுக்கு முன்னாடியே சிலேட்டை வாங்கி வச்சுக்கிற மாதிரி எழுதியிருக்கா.”

“எழுதட்டும், எழுதட்டும். ஆர்வமாக இருக்கிற பெண்ணை நான் எதற்குத் தடுக்கப் போகிறேன்?”

ஆனால் எழுபத்து நான்கு எண்பது ஆகாதே. இன்னும் எண்ணிக்கை ஏற வேண்டும். நான் டெஸ்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். ஒரே கல்யாணத்தை எல்லா மண்டபத்திலும் நடத்தினோம். வைகாசியில் நடத்தினோம், ஆவணியில் நடத்தினோம், வாழைமரத்தோடு, வாழைமரம் இல்லாமல், நாதஸ்வரத்தோடு, செண்டை மேளத்தோடு. எழுபத்து நான்கு. அசையவேயில்லை.

“சார், பச்சையான வரி திரும்ப எத்தனை தடவை ஓடினாலும் ஒரு தடவைதான் கணக்கு” என்றாள் ரஞ்சனி. “சிவப்பா இருக்கிறதைப் பார்க்கணும்.” திறந்து காட்டினாள். ஒரு பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ரத்தச் சிவப்பு.

கல்யாணத்தை ரத்து செய்கிற பகுதி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பகுதிக்கு யாரும் டெஸ்ட் எழுதியதில்லை. எழுதக் கூடாது என்று முதல் நாளே சொன்னவன் நான். கல்யாண வேலை செய்கிற இடத்தில் அபசகுனமாக எதற்கு? அந்த பட்டனை டீமில் ஒருவரும் அதுவரை அமுக்கியதில்லை. புரோகிராம் எழுதியவனே அமுக்கிப் பார்த்திருக்க மாட்டான், அவனுக்கும் அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரே ஒரு டெஸ்ட் சார். ரத்து பண்ணிப் பார்த்துட்டா எண்பதைத் தாண்டிடும்.”

“உனக்கு நிச்சயம் வைத்துக்கொண்டு இதைப் பேசலாமாம்மா?”

“எனக்கு நிச்சயம் இருக்கிறதாலதான் சார் பேசறேன்.”

பிடிவாதம் என்று சொன்னேன் இல்லையா?

நான் வேறு வழி செய்தேன். அதுவரை டெஸ்டில் மணமகள் பெயர் ‘டெஸ்ட் பொண்ணு’ என்றும் மணமகன் பெயர் ‘டெஸ்ட் மாப்பிள்ளை’ என்றும் இருந்தது. ராசியில்லாத பெயர்கள். வியாழக்கிழமை நானே உட்கார்ந்து அதை மாற்றினேன். மணமகள் சிவரஞ்சனி, மணமகன் தரணிதரன். அந்தப் பெண்ணுக்கே தெரியாமல், சர்ப்ரைஸாக. எத்தனை டெஸ்ட் ஓடுகிறதோ அத்தனை தடவை அவர்களுக்குக் கல்யாணம். இதைவிட ஒரு மேலதிகாரி என்ன ஆசீர்வாதம் செய்ய முடியும்?

எண்ணிக்கை ஏறவில்லை. ஆனால் மனசுக்கு நிறைவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தேனா? கொடுத்தேன். லேப்டாப்போடு லீவு. நிச்சயம் நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்து வேலையை முடிக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அதோடு விடவில்லை, துணைக்கு நானும் பொள்ளாச்சிக்குக் கிளம்பிப் போனேன். அவளுடைய அப்பா வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். “வாங்க” என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு நெகிழ்ச்சி.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ராகுகாலம். அது முடிந்து நல்ல நேரத்தில்தான் தட்டு மாற்ற வேண்டும். அதுவரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரஞ்சனி உள்ளறையில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, மடியில் லேப்டாப்போடு இருந்தாள். ஒருத்தி அவளுடைய மருதாணிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “சார், ரத்து டெஸ்ட் எழுதி வச்சிட்டேன்” என்றாள். “நீங்க சரின்னு சொன்னா ஓட்டிடலாம். ஐயா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார்.”

எனக்கு அந்த நிமிஷம்தான் பளிச்சென்று தோன்றியது. ராகுகாலம்! கெட்ட காரியத்தைக் கெட்ட நேரத்திலேயே முடித்துவிட்டால் நல்ல நேரம் சுத்தமாக இருக்குமே! “ஓட்டலாம்” என்றேன்.

அவள் லேப்டாப்பை என் கையில் கொடுத்தாள். “ரன் மட்டும் குடுங்க சார். வேற எதையும் தொடாதீங்க. தயவுசெஞ்சு.”

தொடவில்லை. ஆனால் பிரவுசர் தெரிய வேண்டுமே? கூடத்தில் பெரிய டிவி ஒன்று வைத்து, பொண்ணு மாப்பிள்ளை போட்டோக்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிதாகத் தெரிந்தால் இன்னும் நன்றாக எண்ணும் என்று, அந்த வயரைப் பிடுங்கி என் வயரைச் செருகினேன். ரன் கொடுத்தேன்.

முதலில் பச்சை எழுத்தில் பெரிதாக வந்தது. ‘சிவரஞ்சனி – தரணிதரன் திருமணம் உறுதி செய்யப்பட்டது. வாழ்த்துகள்!’ கூட்டத்தில் ஒரே சந்தோஷம். “அட, நம்ம புள்ளைங்க பேருங்கோ!” அடுத்த மண்டபம். உறுதி. வாழ்த்துகள். அதற்கடுத்த மண்டபம். “ஏனுங்க, எத்தனை மண்டபம் புடிச்சிருக்கறாங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார். ருக்குமணி அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “பெரிய எடம்தானுங்க” என்றார்.

அப்புறம் அம்புக்குறி திரையின் அடியில் இருந்த ஒரு பட்டனுக்குப் போனது. அமுக்கியது.

‘சிவரஞ்சனி – தரணிதரன் திருமணம் ரத்து செய்யப்பட்டது. காரணம்: ஜாதகம் பொருந்தவில்லை. வாழ்த்துகள்!’

சிவப்பு எழுத்து. அந்த வாழ்த்துகள் ஒரு தப்பு, பாருங்கள். இத்தனை நாள் அமுக்காததால் அப்படி ஒன்று அங்கே உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது.

நான் இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்துக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் புரோகிராமில் தனி வரி. எல்லா வரியும் பச்சையாக வேண்டும் என்றால் எல்லாக் காரணத்துக்காகவும் ஒவ்வொரு தடவை ரத்து செய்தாக வேண்டும். ரஞ்சனி ஒழுங்கான பெண், ஒன்றையும் விடவில்லை.

‘காரணம்: மணமகன் வெளிநாடு சென்றுவிட்டார். வாழ்த்துகள்!’

“அம்மா, நான் இங்கதான இருக்கறேன்?” என்று மாப்பிள்ளை எழுந்து நின்று தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

‘காரணம்: மணமகன் வீட்டார் நடத்தை திருப்தியில்லை. வாழ்த்துகள்!’

“நடத்தையா?” ருக்குமணி அம்மா காபி டம்ளரை வைத்த வேகத்தில் பாதி காபி தரையில். “எவங்க நடத்தை? வாழ்த்து வேறயா? தரணி, வண்டிய எடுக்கச் சொல்லுடா!”

நான் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. என் கண்ணெல்லாம் லேப்டாப்பின் மூலையில். எழுபத்தாறு. எழுபத்தெட்டு. “ஏறுது! ஏறுது!” என்று கத்தினேன். “இன்னும் ரெண்டு ரத்து போதும்!”

ரஞ்சனி ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்ட நிலையில் ஓடி வந்தாள். டிவியைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். அந்தச் சர்ப்ரைஸ் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்க வேண்டும், பேச்சே வரவில்லை. அப்புறம் நேராக ருக்குமணி அம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

“அத்தை, இது வேலை அத்தை. நிஜமில்ல. ஒரு கல்யாணம் நின்னு போனா அந்த பட்டன் ஒழுங்கா வேலை செய்யுமான்னு யாருமே பார்த்ததில்ல. பார்த்தே ஆகணும்னு நான்தான் எழுதினேன்.”

“நீ எழுதுனயா?”

“ஆமாங்க அத்தை.”

“எங்க பேரையும் நீதான் போட்டயா?”

ரஞ்சனி திரும்பி என்னைப் பார்த்தாள். கூடமே என்னைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன். பெருமையாகத்தான் தூக்கினேன்.

“இந்த ஆளை யாருங்க கூப்பிட்டது?” என்றார் ருக்குமணி அம்மா.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அந்த அம்மா மெதுவாக ரஞ்சனியின் கையைப் பிடித்தார். “ஏங்கண்ணு, இந்த ஆளுகிட்டயா இத்தனை நாளா வேலை பாத்த? போன தடவை தேதி மாறுனதும் இந்த ஆளாலதானா?”

“ஆமாங்க அத்தை” என்றாள் ரஞ்சனி. அவள் கண்ணில் தண்ணீர். மை போட்ட கண்ணிலும், போடாத கண்ணிலும்.

“அட என் சாமி” என்று ருக்குமணி அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். “வண்டியெல்லாம் வேண்டாம்டா தரணி, உக்காரு” என்றார். அதுவரை எட்டி எட்டி உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டாரும் ஒன்றாகக் கூடி என்னைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனையோ நிச்சயதார்த்தம் பார்த்திருக்கிறேன், சம்பந்திகளுக்குள் அத்தனை சீக்கிரத்தில் அப்படி ஒரு ஒற்றுமை வந்து நான் பார்த்ததில்லை.

எண்பத்திரண்டு வந்தது. நாச்சிமுத்து ஐயாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். “டிஸ்டிங்ஷனுங்களா!” என்று கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டே காசிக்குப் போனார்.

நல்ல நேரத்தில் தட்டு மாற்றினார்கள். நான் பார்க்கவில்லை. என்னைத் தனி அறையில் உட்கார வைத்து, தனி இலை போட்டு, யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க வெளியே தாழ்ப்பாள்கூடப் போட்டிருந்தார்கள். முக்கியமானவர்களுக்குத்தான் அந்த மரியாதை செய்வார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெண் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். மாமியார் சொல்லிவிட்டாராம். என்னிடம் நேரில் சொல்லிப் பிரிய மனசு வரவில்லை போல, ஈமெயிலில் சொன்னாள். ஒரே வரி. துக்கத்தில் அதிகம் எழுத முடியாது.

போன வாரம் ஆபீசுக்கு வந்து பத்திரிகை வைத்தாள். பெனடிக்ட்டுக்கு வைத்தாள், கேன்டீன்காரருக்கு வைத்தாள், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குக்கூட வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், என் மேஜையைத் தாண்டிப் போய்விட்டாள். முதலில் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். யாருக்குப் பத்திரிகை வைப்பார்கள்? வெளி ஆட்களுக்கு. சொந்த அப்பாவுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? சித்தப்பாவுக்கு? குடும்பத்தில் ஒருவனாக நினைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

எந்த மண்டபம் என்று பெனடிக்ட்டிடம் கேட்டேன். மறந்துவிட்டது என்று இருமினான். நானே விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

இதோ, பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. நீங்களும் இங்கேதானே இறங்குகிறீர்கள்? முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, வாருங்களேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பத்திரிகை இல்லையே என்று கூச்சப்படாதீர்கள். எனக்கே இல்லை.